கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடும் தராசு: ஹோமி பாபாவின் கதை

உங்கள் தாத்தாவோ பாட்டியோ பேராக் தோட்டங்களில் பால் வெட்டியவர்களா? அப்படியென்றால் ஸ்டோர் என்ற சொல்லை வீட்டில் கேட்டிருப்பீர்கள். விடியும் முன்னே பெரட்டுக்குப் போய், நிரையில் மரம் வெட்டி, வெயில் ஏறியதும் மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்துகொண்டு வருவார்கள். ஸ்டோரில் தராசு இருக்கும். பக்கத்தில் கிராணி இருப்பார். அவர் புத்தகத்தில் எழுதும் எண்தான் அன்றைய சம்பளம்.

இப்போது இப்படி வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தை விட்டுக் கிளம்பும்போது வாளி நிறைய பால் இருந்தது. ஸ்டோருக்கு வந்தபோது பாதிதான் இருக்கிறது. வழியில் என்ன நடந்தது என்று யாரும் பார்க்கவில்லை. இருந்தாலும் ஏதோ போய்விட்டது என்று கிராணிக்குத் தெரியும். எடை சொல்லிவிடும். ஒரே ஒரு நிபந்தனைதான்: தராசு சரியாக இருக்கணும். தராசே கோளாறு என்றால், காணாமல் போனது பாலா, இல்லை கணக்கா என்று சொல்லவே முடியாது.

பிரபஞ்சத்தில் காணாமல் போன ஒரு பொருளை விஞ்ஞானிகள் இன்று ஏறக்குறைய இதே முறையில்தான் தேடுகிறார்கள். அந்தத் தேடலில் பயன்படும் தராசின் முக்கியமான இரண்டு பாகங்களுக்கு, 1930களில் கேம்பிரிட்ஜில் இருந்த ஒரு பம்பாய் இளைஞர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். பெயர் ஹோமி ஜஹாங்கீர் பாபா. மலாக்கா பாபா நோன்யாவுக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை. இவர் பார்சி. இந்திய அணுசக்தித் துறையின் தந்தை என்று பள்ளிப் புத்தகங்களில் வருவாரே, அவரேதான். ஆனால் நாம் இங்கே பேசப்போவது அணு உலையைப் பற்றி இல்லை.

அந்தப் பொருள் எது?

முதலில் ஒரு சொல் விளக்கம். ஆங்கிலத்தில் டார்க் மேட்டர் என்பதைத் தமிழில் கரும்பொருள் என்கிறோம். கதை, கட்டுரையின் மையக் கருத்தைச் சொல்லும் கருப்பொருள் வேறு. ஒரு எழுத்துதான் வித்தியாசம், குழப்பிக்கொள்ளாதீர்கள். அடுத்த குழப்பம் ஆங்கிலத்தில் இருக்கிறது. லைட் டார்க் மேட்டர் என்று படித்தால், ஒளியா, இருட்டா என்று தலை சுற்றும். அங்கே லைட் என்றால் வெளிச்சம் இல்லை, எடை குறைவு. தமிழில் எடை குறைந்த கரும்பொருள் என்று சொல்லிவிட்டால் பிரச்சினையே இல்லை.

1933-ல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி என்ற வானியலாளர் கோமா என்ற விண்மீன் மண்டலக் கூட்டத்தைப் பார்த்தார். அதில் உள்ள மண்டலங்கள் அசுர வேகத்தில் ஓடின. கண்ணுக்குத் தெரிகிற பொருளின் ஈர்ப்பு மட்டும் என்றால் அவை எப்போதோ சிதறிப் போயிருக்க வேண்டும். ஆகவே கண்ணுக்குத் தெரியாத பொருள் ஏதோ அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது என்றார். 1970களில் வேரா ரூபின் தனித்தனி மண்டலங்களின் சுழற்சியை அளந்து அதே முடிவுக்கு வந்தார். இன்றைய கணக்குப்படி பிரபஞ்சத்தில் கரும்பொருளின் பங்கு சுமார் 27 விழுக்காடு. நீங்கள், நான், கெல்லி கோட்டை, நட்சத்திரங்கள் எல்லாம் சேர்ந்தே 5 விழுக்காடுதான்.

பல ஆண்டுகளாக இந்தத் துகள் கனமானது, புரோட்டானைப் போலப் பத்து மடங்கோ நூறு மடங்கோ எடை கொண்டது என்று நினைத்தார்கள். பூமிக்கடியில் பெரிய தொட்டிகளில் திரவ செனான் நிரப்பி, அது வந்து அணுக்கருவை இடிக்கும் என்று காத்திருந்தார்கள். இன்னும் காத்திருக்கிறார்கள். ஒருவேளை அது புரோட்டானைவிட லேசாக இருந்தால்? லாரியின் மேல் கோலிக்குண்டை எறிந்தால் லாரி அசையுமா? அதே கதைதான். லேசான துகள் இடித்தாலும் கனமான அணுக்கரு அசையாது, கருவிக்குத் தெரியாது. அதனால் வேறு வழி யோசித்தார்கள். வரும் என்று காத்திருக்காமல், முடுக்கியில் நாமே அதை உண்டாக்கிப் பார்க்கலாம். உண்டாக்கினாலும் கண்ணுக்குத் தெரியாதே? தெரியாதுதான். ஆனால் அது எடுத்துக்கொண்டு போகும் ஆற்றல் கணக்கில் குறையும். வாளியில் பால் குறைந்த மாதிரி.

இங்கேதான் பாபா வருகிறார்.

இரும்பு ஆலைக்குப் போகவேண்டிய பையன்

ஹோமி 1909 அக்டோபர் 30 அன்று பம்பாயில் வசதியான வீட்டில் பிறந்தார். அப்பா வழக்கறிஞர். அப்பாவின் சகோதரி மெஹர்பாயை மணந்தவர் டோராப்ஜி டாட்டா. ஜாம்ஷெட்பூர் இரும்பு ஆலையை நடத்திய அதே டாட்டா குடும்பம். ஆக, பையனின் எதிர்காலம் எழுதியாகிவிட்டது: கேம்பிரிட்ஜில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிப்பான், திரும்பி வருவான், ஆலையில் பெரிய பதவியில் உட்காருவான்.

1927-ல் ஹோமி கேம்பிரிட்ஜுக்குப் போனார். மறு ஆண்டே அப்பாவுக்குக் கடிதம் எழுதினார். தொழிலோ நிர்வாகமோ தன் இயல்புக்கு ஒத்துவராது, இயற்பியல்தான் தன் வழி என்று பிடிவாதமாகச் சொன்ன கடிதம். உங்களில் சிலருக்கு இந்த வீட்டுச் சண்டை நன்றாகவே புரியும். எஸ்.பி.எம். முடிவு வந்ததும் டாக்டரா, இன்ஜினியரா, வக்கீலா என்று நம் வீடுகளில் கேட்கிற கேள்விதான் அங்கேயும். அப்பா ஒரு ஒப்பந்தம் போட்டார். இன்ஜினியரிங்கை முதல் வகுப்பில் முடித்துக் காட்டினால், அதன்பிறகு கணிதம் படிக்கப் பணம் தருவேன் என்றார். 1930-ல் ஹோமி முதல் வகுப்பில் முடித்தார். அப்பாவும் வாக்கைக் காப்பாற்றினார்.

பணக்கார வீட்டுப் பையனுக்கு இது சுலபம் என்று நீங்கள் நினைக்கலாம். நியாயம்தான். அதே காலத்தில் தோட்டத்து லயங்களில் பிறந்த பிள்ளைக்கு அப்படி ஒரு ஒப்பந்தம் போட ஆளில்லை. அதையும் மனதில் வைத்துக்கொண்டே இந்தக் கதையைப் படிக்க வேண்டும்.

அவர் போய்ச் சேர்ந்த நேரம் அப்படி. 1932-ல் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடித்தார். அதே ஆண்டு, அதே கட்டடத்தில், காக்ராஃப்டும் வால்டனும் தாங்களே கட்டிய முடுக்கியில் புரோட்டான்களை விரட்டி லித்தியம் அணுவைப் பிளந்தார்கள். அமெரிக்காவில் ஆண்டர்சன் பாசிட்ரானைக் கண்டார். எலக்ட்ரானின் இரட்டைப் பிறவி அது. எடை ஒன்றுதான், மின்னூட்டம் மட்டும் எதிர். இப்படி ஒரு துகள் இருக்க வேண்டும் என்பது கேம்பிரிட்ஜில் இருந்த டிராக்கின் சமன்பாட்டிலிருந்து முன்பே வந்திருந்தது. அந்தக் கோட்பாட்டைத்தான் பாபா கையில் எடுத்தார்.

இரண்டு வழி, ஒரே வாசல்

அவர் கேட்ட கேள்வி எளிமையானது. ஒரு எலக்ட்ரானும் ஒரு பாசிட்ரானும் எதிரெதிரே வந்தால் என்ன ஆகும்?

இரண்டு விதமாக நடக்கலாம். ஒன்று, இரண்டும் நெருங்கி, ஒன்றையொன்று இழுத்துத் திசை மாறிப் போய்விடும். இரண்டு, இரண்டும் மோதி அழிந்து, அந்த ஆற்றலிலிருந்து அதே கணத்தில் புதிதாக ஒரு எலக்ட்ரான், பாசிட்ரான் ஜோடி பிறக்கும். வெளியே நின்று பார்க்கும் நமக்கு உள்ளே போனது ஒரு ஜோடி, வெளியே வந்தது ஒரு ஜோடி. பழைய ஜோடியா, புது ஜோடியா? கண்டுபிடிக்க வழியே இல்லை. குவாண்டம் இயற்பியலில் கண்டுபிடிக்க முடியாத இரண்டு வழிகள் இருந்தால், ஒன்றை விட்டுவிட்டு மற்றதை எடுக்க முடியாது. இரண்டையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். சேர்க்கும்போது விடை மாறும். எந்தக் கோணத்தில் எத்தனை துகள் சிதறும் என்ற விடையைப் பாபா 1935-ல் கணக்கிட்டார். 1936-ல் அது ராயல் சொசைட்டி இதழில் வெளிவந்தது. அப்போது அவருக்கு 26 வயது.

அந்த நிகழ்வுக்கு இன்று பாபா சிதறல் என்று பெயர். எலக்ட்ரான், பாசிட்ரான் மோதும் ஆய்வகங்களில் பேச்சுவழக்கில் அதையும் சுருக்கிவிட்டார்கள். இன்றைக்கு எத்தனை பாபா என்று கேட்டுக்கொள்வார்கள். ஒரு மனிதரின் பெயர் எண்ணிக்கைச் சொல்லாகவே ஆகிவிட்டது.

ஏன் எண்ணுகிறார்கள்? முடுக்கியில் எத்தனை மோதல் நடந்தது என்று நேரடியாகப் பார்க்க முடியாது. ஆனால் பாபா சிதறல் அடிக்கடி நடக்கும், கருவியில் பளிச்சென்று தெரியும், அது எவ்வளவு நடக்க வேண்டும் என்று மிகத் துல்லியமாகக் கணக்கிடவும் முடியும். ஆகவே பாபாக்களை எண்ணினால் மொத்த மோதல்களின் அளவு கிடைத்துவிடும். தராசின் எடைக்கல் இதுதான்.

ஜப்பானின் சுக்குபா நகரில் சூப்பர்கெக்பி என்ற முடுக்கி இருக்கிறது. 3 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையம். அதில் 7 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரான்களும் 4 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் பாசிட்ரான்களும் மோதுகின்றன. மோதும் இடத்தைச் சுற்றி பெல் 2 என்ற கருவி நிற்கிறது. சென்னை ஐ.ஐ.டி. உட்பட இந்தியாவின் பல நிறுவனங்கள் அதில் பங்கெடுக்கின்றன. அங்கே எடை குறைந்த கரும்பொருளைத் தேடும் முறை ஒன்று இருக்கிறது. மோதலில் ஒரே ஒரு ஒளித்துகள் மட்டும் ஒரு பக்கம் பாய்ந்து, எதிர்ப்பக்கம் காலியாக இருந்தால், அந்தக் காலியில் ஏதோ கண்ணுக்குத் தெரியாதது ஓடியிருக்கலாம். அது, இருள் ஃபோட்டான் என்று பெயர் வைத்திருக்கும் ஒரு கற்பனைத் துகளாக இருக்கலாம். சாதாரணப் பொருளுக்கும் கரும்பொருளுக்கும் நடுவே தூது போகும் துகள் அது. அப்படி ஒரு புதிய தூதர் இல்லாமல் இவ்வளவு லேசான கரும்பொருள் கணக்கில் ஒத்துவராது. நமக்குத் தெரிந்த விசைகள் மட்டும் என்றால், பிரபஞ்சத்தில் அது அளவுக்கு மீறி மிஞ்சியிருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. அந்தத் தேடலில் ஏமாற்றுபவர்களில் ஒருவரும் பாபாதான்! சில நேரம் பாபா சிதறலில் கூடவே ஒரு ஒளித்துகளும் பிறக்கும். எலக்ட்ரானும் பாசிட்ரானும் கற்றை போகும் குழாயை ஒட்டியே, கருவிக்கு அகப்படாமல் ஓடிவிடும். மிஞ்சுவது ஒற்றை ஒளித்துகள். பார்த்தால் கரும்பொருள் மாதிரியே இருக்கும். எடைக்கல்லும் அதுதான், சந்தேக நபரும் அதுதான். இந்தப் போலிகளைக் கழிக்கத் தெரிந்தால்தான் உண்மை தெரியும். கலிபோர்னியாவில் பாபார் என்ற கருவியின் பழைய தரவுகளை வைத்து இப்படித் தேடி, 2017-ல் முடிவு வெளியிட்டார்கள். கழிக்க வேண்டியதைக் கழித்த பிறகு எதுவும் மிஞ்சவில்லை.

அடைமழை

பாபாவின் இரண்டாவது பங்கு 1937-ல் வந்தது. ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு வெளியேறி இங்கிலாந்தின் பிரிஸ்டலில் இருந்த வால்டர் ஹைட்லருடன் சேர்ந்து எழுதிய ஆய்வு அது. விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் திடீரென்று மழைபோலத் துகள்களைக் கொட்டுவது அப்போது பெரிய புதிர். இருவரும் சொன்ன விளக்கம் இது: வேகமான எலக்ட்ரான் ஒன்று பொருளுக்குள் நுழைந்தால் ஒரு ஒளித்துகளை உமிழும். அந்த ஒளித்துகள் ஒரு எலக்ட்ரான், பாசிட்ரான் ஜோடியாக மாறும். அவை மறுபடி உமிழும். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, நாலு எட்டாகிப் பெருகி, ஆற்றல் தீர்ந்ததும் ஓயும். ஏறக்குறைய அதே நேரத்தில் அமெரிக்காவில் கார்ல்சனும் ஓப்பன்ஹைமரும் தனியாக இதே முடிவுக்கு வந்தார்கள்.

இதனால் நமக்கு என்ன? அந்த மழையில் விழும் துளிகளை எண்ணினால், முதலில் நுழைந்த எலக்ட்ரானின் ஆற்றல் எவ்வளவு என்று தெரிந்துவிடும். இன்று எல்லா முடுக்கிகளிலும் ஆற்றல் அளக்கும் கருவிகள் இந்த அடிப்படையில்தான் வேலை செய்கின்றன. ஜெனீவாவுக்குப் பக்கத்தில் செர்ன் ஆய்வகத்தில் என்.ஏ.64 என்ற சோதனை 2016 முதல் நடக்கிறது. 100 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக, ஈயமும் பிளாஸ்டிக்கும் அடுக்கடுக்காக வைத்த ஒரு தடுப்புக்குள் அனுப்புகிறார்கள். (இந்த ஈயம் கிந்தா பள்ளத்தாக்கில் நாம் ஈயம் என்று சொல்லும் தீமா இல்லை. இது காரீயம், அது வெள்ளீயம்.) ஒவ்வொரு எலக்ட்ரானும் உள்ளே பாபா, ஹைட்லர் மழையாகக் கொட்டும். 100 போனால் 100 கணக்கில் வர வேண்டும். 50-க்கும் குறைவாக வந்து, பின்னால் நிற்கும் மற்றக் கருவிகளிலும் எதுவும் படவில்லை என்றால், ஏதோ ஒன்று ஆற்றலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஸ்டோரில் வாளியை நிறுத்துப் பார்க்கிற அதே வேலை.

ஒரு லீவு, ஒரு போர்

1939-ல் பாபா விடுமுறைக்கு இந்தியா வந்தார். அதற்குள் சூரிச்சில் பௌலி, ரோமில் ஃபெர்மி, கோப்பன்ஹேகனில் போர் என்று பெரிய ஆட்களுடன் பழகி ஐரோப்பாவில் பெயர் எடுத்திருந்தார். திரும்பிப் போவதாகத்தான் எண்ணம். செப்டம்பரில் உலகப் போர் வெடித்தது. போக முடியவில்லை.

பெங்களூரில் சி.வி. ராமன் இருந்த இந்திய அறிவியல் கழகத்தில் காஸ்மிக் கதிர் ஆய்வைத் தொடங்கினார். 1941-ல், 31 வயதில், ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். இந்த ஐந்தாறு வருடத்தில் அவர் மனம் மாறியது. திறமையானவர்கள் வெளிநாட்டுக்குப் போவதைவிட, வெளிநாட்டுத் தரத்தில் இங்கேயே ஒன்றைக் கட்டலாமே என்று யோசித்தார். 1944 மார்ச்சில் டாட்டா அறக்கட்டளைக்கு எழுதினார். 1945-ல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியது. பெங்களூரில் சில மாதம், பிறகு பம்பாய்.

அங்கே அவரிடம் வந்த இளைஞர்களில் ஒருவர் சென்னையின் அல்லாடி ராமகிருஷ்ணன். அந்தத் துகள் மழையின் கணிதத்தைப் பாபாதான் அவருக்கு அறிமுகப்படுத்தினார். மழையில் ஒவ்வொரு துளியும் எப்போது பிரியும் என்பது தற்செயல். தற்செயலை எப்படிக் கணக்குக்குள் கொண்டுவருவது என்பதில் ராமகிருஷ்ணன் தன் சொந்த வழி ஒன்றைக் கண்டார். பிறகு 1962-ல் சென்னையில் கணித அறிவியல் நிறுவனத்தைத் தொடங்கினார். இந்த நிறுவனத்தின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

கொர்பு மலையைக் கவிழ்த்து வைத்த ஆழம்

1950களின் தொடக்கத்தில் பாபா தன் இளம் ஆய்வாளர் பி.வி. ஸ்ரீகண்டனைக் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பினார். காஸ்மிக் கதிரில் வரும் மியூவான் என்ற துகள் பூமிக்குள் எவ்வளவு ஆழம் போகிறது என்று அளக்கும் வேலை. சுரங்கத்தில் உழைத்தவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். வட ஆற்காட்டிலிருந்து போனவர்கள் ஏராளம். அதே வட ஆற்காட்டிலிருந்து மலாயா தோட்டங்களுக்குக் கப்பல் ஏறியவர்களும் உண்டு. ஒரு ஊரில் ஒருவர் கோலாருக்கு, இன்னொருவர் கோப்பெங்கிற்கு.

கிந்தாவில் ஈயம் மேல்மண்ணில் கிடந்தது. தண்ணீர் பீய்ச்சிக் கரைத்தும், டூலாங் தட்டில் அலசியும் எடுத்தார்கள். கோலார் வேறு. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போகும் குழிகள், சுடும் பாறை. ஈப்போவிலிருந்து கிழக்கே பார்த்தால் தெரியும் தொடரில் கொர்பு மலை 2,183 மீட்டர். அதை அப்படியே தலைகீழாகப் பூமிக்குள் சொருகினாலும், விஞ்ஞானிகள் கருவி வைத்த இடத்தின் ஆழம் வராது. அது சுமார் 2,300 மீட்டர். அவ்வளவு ஆழத்துக்கு மியூவான்கள்கூட அநேகமாக வருவதில்லை. அந்த அமைதியில்தான் 1965-ல் டாட்டா நிறுவனமும் ஜப்பானின் ஒசாகாவும் இங்கிலாந்தின் டர்ஹமும் சேர்ந்து, விண்ணிலிருந்து வந்த கதிர்கள் காற்றில் மோதி உண்டாக்கிய நியூட்ரினோவைப் பதிவு செய்தார்கள். உலகில் முதன்முறையாக அதைக் கண்ட இரண்டு குழுக்களில் ஒன்று. மற்றது தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம். கருவிகளோடு கீழே போனவர்களின் பெயர் ஆய்வுத்தாளில் இருக்கிறது. அந்தக் குழியைத் தோண்டியவர்களின் பெயர் இல்லை.

அதிகாரத்தில் இருந்த பாபா

இந்தப் பகுதி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்பதால் வேகமாகச் சொல்கிறேன். 1948-ல் அணுசக்தி ஆணையத்தின் முதல் தலைவர். 1956-ல் அப்சரா அணு உலை. நேருவின் முழு நம்பிக்கை. மணமுடிக்கவில்லை. ஓவியம் வரைவார், மேற்கத்திய சங்கீதத்தில் மூழ்குவார், தன் நிறுவனத்தின் சுவர்களுக்கு நல்ல ஓவியங்களைத் தேடித்தேடி வாங்கினார், தோட்டத்து மரங்களில்கூடத் தலையிட்டார்.

எல்லோரும் அவரைக் கொண்டாடவில்லை. நாட்டின் அறிவியல் பணமெல்லாம் சில நிறுவனங்களுக்கே போகிறது, பல்கலைக்கழகங்கள் காய்கின்றன என்ற குற்றச்சாட்டு அன்றே இருந்தது. மேக்நாத் சாஹா போன்ற மூத்த விஞ்ஞானி அவரோடு முரண்பட்டார். 1955-ல் ஜெனீவாவில் நடந்த ஐ.நா. அணுசக்தி மாநாட்டுக்குத் தலைமை தாங்கியபோது, இருபது ஆண்டுக்குள் அணுக்கரு இணைவை அடக்கி மின்சாரம் எடுக்க வழி பிறக்கும் என்று கணித்தார். எழுபது ஆண்டு ஆகிவிட்டது, மின்சாரம் வரவில்லை. 1964-ல் சீனா அணுகுண்டு வெடித்ததும், குண்டு தயாரிக்க அப்படியொன்றும் செலவு ஆகாது என்று வானொலியில் பேசினார். அந்தப் பேச்சை அவருடைய பெரிய தவறாகப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. எலக்ட்ரானுக்குப் போட்ட கணக்கின் நிதானம் அந்தப் பேச்சில் இல்லை.

மோன் பிளாங்க்

1966 ஜனவரி 24. இந்திரா காந்தி பிரதமராகப் பதவியேற்ற நாள். அன்று காலை பம்பாயிலிருந்து லண்டன் போகும் ஏர் இந்தியா போயிங் 707 விமானம், காஞ்சன்ஜங்கா என்று பெயர் வைத்தது, ஜெனீவாவில் இறங்குவதற்காகத் தாழ்ந்து வந்துகொண்டிருந்தது. பாபா வியன்னாவில் ஒரு கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். விமானம் மோன் பிளாங்க் மலையில் மோதியது. 117 பேரும் இறந்தார்கள். பாபாவுக்கு 56 வயது.

இணையத்தில் தேடினால் சதிக் கதைகள் நிறையக் கிடைக்கும். விசாரணை சொன்னது வேறு: விமானத்தில் இருந்த வழிகாட்டிக் கருவிகளில் ஒன்று பழுது, மலைமுகட்டைத் தாண்டிவிட்டோம் என்று விமானி நினைத்துவிட்டார், தரையிலிருந்து வந்த தகவலும் சரியாகப் புரிந்துகொள்ளப்படவில்லை. 1950-லும் ஒரு ஏர் இந்தியா விமானம் ஏறத்தாழ அதே இடத்தில்தான் மோதியது. பனிப்பாறை மெதுவாக நகர்ந்து இன்றும் பொருள்களை வெளியே தள்ளுகிறது. 2020-ல் இந்திரா காந்தியின் வெற்றிச் செய்தி அச்சான இந்தியச் செய்தித்தாள்கள் கிடைத்தன. எழுத்து அழியவில்லை, வெயிலில் காயவைத்துப் படித்தார்கள்.

வானம் தெளிந்த நாளில் ஜெனீவாவிலிருந்து அந்த மலை தெரியும். என்.ஏ.64 நடப்பதும் அந்த ஊர்ப் பக்கத்தில்தான். 2023-ல் அவர்கள் வெளியிட்ட கணக்கில், தடுப்புக்குள் அனுப்பிய எலக்ட்ரான்கள் சுமார் 93,700 கோடி. அத்தனையிலும் ஆற்றல் காணாமல் போனதாக மிஞ்சியவை எத்தனை? பூஜ்யம்.

பூஜ்யம் என்றால் தோல்வியா? இல்லை. வாளியை 93,700 கோடி முறை நிறுத்தும் ஒரு தடவைகூடக் குறையவில்லை என்றால், இந்த வழியில் இந்த அளவுக்கு மேல் ஓட்டை இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். எடை குறைந்த கரும்பொருளைப் பற்றிச் சிலர் எழுதிவைத்திருந்த கோட்பாடுகள் அதனால் அடிபட்டன. மிச்சம் இருக்கும் இடம் சுருங்கியது. அமெரிக்காவில் எல்.டி.எம்.எக்ஸ். என்ற சோதனையைத் திட்டமிடுகிறார்கள். அதில் ஆற்றலோடு எலக்ட்ரானின் திசைமாற்றத்தையும் அளப்பார்கள். நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தின் தேசியத் துகள் இயற்பியல் மையம், செர்னில் சி.எம்.எஸ். என்ற மாபெரும் கருவியில் பங்கெடுக்கிறது. அங்கேயும் காணாமல் போகும் ஆற்றலை வைத்துக் கரும்பொருளைத் தேடுகிறார்கள்.

கோலாரில் மிஞ்சிய கேள்வி

கடைசியாக ஒன்று. பாபா இறந்த பிறகும் கோலார் கருவிகள் ஓடிக்கொண்டிருந்தன. 1975-ல் அந்தக் குழு சில விசித்திரமான பதிவுகளை வெளியிட்டது. இரண்டு மூன்று தடங்கள் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பின. அந்தப் புள்ளி பாறைக்குள் இல்லை, சுரங்கப் பாதையின் காற்றில் இருந்தது. காற்றில் நியூட்ரினோ வந்து மோதுவது மிக மிக அபூர்வம். ஏதோ புதுத் துகள் அங்கே வந்து சிதைந்திருக்கிறதா? முடுக்கிகளில் தேடியபோது உறுதிப்படவில்லை. எண்ணிக்கையும் குறைவு, விரல் விட்டு எண்ணலாம். கோலார் நிகழ்வுகள் என்ற பெயரோடு விஷயம் கிடப்பில் போனது.

2014-ல் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் எம்.வி.என். மூர்த்தியும் ஜி. ராஜசேகரனும் அதை மறுபடி எடுத்தார்கள். புரோட்டானைப் போல ஏறக்குறைய 5 முதல் 10 மடங்கு எடையும், பிரபஞ்சத்தின் வயதை ஒத்த ஆயுளும் கொண்ட கரும்பொருள் துகள்கள் அங்கே சிதைந்திருக்கலாமோ என்று கேட்டார்கள். கனமான கரும்பொருள் என்று பழைய ஆட்கள் நினைத்ததைவிட இது லேசு, இன்று முடுக்கிகளில் தேடும் லேசான வகையைவிட இது கனம். ஏற்றுக்கொண்டவர்கள் அதிகம் இல்லை. ஒரு பெரிய குகை போன்ற இடத்தில், நிறையக் காற்றைச் சுற்றிக் கருவிகளை வைத்துச் சோதித்தால்தான் தெரியும்.

கோலாரில் இனி அதைச் செய்ய முடியாது. தங்கம் கட்டுப்படி ஆகாமல் சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. பம்புகள் நின்றன. கருவிகள் இருந்த ஆழத்தில் இப்போது தண்ணீர் நிற்கிறது.